மாப்பிள்ளை வாட்சுக்கு ஒயிட் கோல்டு சரிவருமா? விலை உயர்ந்த வாட்சின் உலோகத்தைத் தேர்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பல லட்சம் போட்டு ஒரு ஸ்விஸ் வாட்ச் வாங்குவதென்று முடிவெடுத்தவரிடம் மாடல், டயல் நிறம், அளவு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். உலோகம் எது என்று கேட்டால்தான் தயக்கம். அதிலும் ஒயிட் கோல்டு, அதாவது வேறு உலோகம் கலந்து வெள்ளையாக்கிய தங்கம் என்றால் வீட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பார்க்க எவர்சில்வர் மாதிரி இருக்கிறது, விலை மட்டும் ஏன் மூன்று மடங்கு?

மதுரையில் இந்தக் கேள்விக்கு அழுத்தம் அதிகம். தெற்கு ஆவணி மூல வீதியில் தலைமுறை தலைமுறையாக நகை வாங்கிப் பழகிய ஊர் இது. தங்கம் என்றால் மஞ்சளாகத் தெரிய வேண்டும், தராசில் வைத்தால் கணக்குச் சொல்ல வேண்டும், அவசரத்துக்கு அடகு வைத்தால் பணம் வர வேண்டும். ஒயிட் கோல்டு வாட்ச் இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யாது. அதைத் தங்கம் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். கையில் உணரும் கனத்துக்காகவும், அடுத்தவர் கண்ணில் படாத சொகுசுக்காகவும் வாங்குபவருக்கு அதைவிட நல்ல உலோகம் குறைவு. இனி வரும் படிகள் எல்லாம் நீங்கள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான்.

முதல் படி: யார் கண்ணுக்காகக் கட்டப்போகிறீர்கள்?

பணக் கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் இது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரத்தோடு வாட்சும் போடுவது வழக்கம். வசதியான வீடுகளில் அந்த வாட்ச் இப்போது ஸ்விஸ் வாட்சாகிவிட்டது. பெண் வீட்டார் ஒயிட் கோல்டு வாங்கிப் போட்டால் மண்டபத்தில் நடக்கும் உரையாடல் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"என்ன மாப்பிள்ள, வாட்ச் தங்கம்னு சொன்னாங்க?"

"தங்கந்தான் மாமா. ஒயிட் கோல்டு."

"அப்படியா... சரி, சரி."

அந்தச் சரி சரியோடு விஷயம் முடிந்துவிடும். போட்டவருக்குப் பெருமையும் இல்லை, பார்த்தவருக்குத் திருப்தியும் இல்லை. சபையில் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தயங்காமல் மஞ்சள் தங்கத்துக்குப் போங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஸ்டீலும் மஞ்சள் தங்கமும் கலந்த இரட்டை நிற வாட்ச். அந்த நோக்கத்தில் எந்தத் தவறும் இல்லை. அதற்கு ஒயிட் கோல்டு தவறான கருவி, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் யோசியுங்கள். நாள் முழுக்க நோயாளிகள் நடுவே இருக்கும் டாக்டர், கட்சிக்காரர் முன்னால் உட்காரும் வக்கீல், சரக்கு விலை பேசும் ஜவுளி வியாபாரி. இவர்கள் கையில் மஞ்சளாக ஒரு தங்க வாட்ச் மின்னினால் எதிரே இருப்பவர் மனதில் ஏதோ ஒரு கணக்கு ஓடத்தான் செய்யும். ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாதுகாப்பு ஒரு கவலை. ஒயிட் கோல்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தவருக்கு எப்படித் தெரியும்? சில நேரம் நிறுவனமே அடையாளம் வைக்கிறது. ரோலெக்ஸ் 2014-இல் சிவப்பும் நீலமும் கலந்த பெசல் (டயலைச் சுற்றியுள்ள வளையம்) கொண்ட ஜிஎம்டி-மாஸ்டர் 2 வாட்சை ஒயிட் கோல்டில் மட்டும் வெளியிட்டது. 2018-இல் அதே நிற பெசல் ஸ்டீலிலும் வந்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் ஆகிவிடும் அல்லவா? அதனால் அதே ஆண்டு ஒயிட் கோல்டு மாடலுக்குக் கறுப்புக்குப் பதில் கருநீல டயல் கொடுத்தார்கள். நான்கு வருடம் முன்பு முழு விலை கொடுத்துக் கறுப்பு டயல் வாங்கியவரின் வாட்ச், தள்ளி நின்று பார்த்தால், ஸ்டீல் வாட்சாகவே தெரியும். ஒயிட் கோல்டின் குணம் இதுதான். இது உங்களுக்கு எரிச்சல் தருகிறதா, சிரிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். சிரிப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள்

வாட்சில் வரும் ஒயிட் கோல்டு பெரும்பாலும் 18 காரட். 1000 பங்கில் 750 பங்கு தங்கம், மிச்சம் 250 பங்கு வேறு உலோகங்கள். மஞ்சள் தங்கத்திலும் ரோஸ் கோல்டிலும் அந்த மிச்சம் வெள்ளியும் செம்பும். செம்பு கூடினால் சிவப்பேறும். ஒயிட் கோல்டில் மஞ்சளை அடக்கும் வேலையை நிக்கலோ பல்லேடியமோ செய்கிறது. காரட் மூன்றிலும் ஒன்றே. ஆகவே ஒயிட் கோல்டில் தங்கம் கம்மி என்று யாராவது சொன்னால், வேறு 18 காரட் வாட்சோடு ஒப்பிடும்போது அது உண்மை இல்லை. நம் 22 காரட் நகையோடு ஒப்பிட்டால் உண்மை.

நிக்கல் கலந்தது கடினமாக இருக்கும், விலை குறைவு, ஆனால் லேசான மஞ்சள் சாயல் விடாது. அதை மறைக்க மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தில் முலாம் பூசுவார்கள். கண்ணைப் பறிக்கும் பளிச் வெள்ளை வருவது அந்த முலாமால்தான். தேயத் தேய உள்நிறம் எட்டிப் பார்க்கும். நகைகளில் சில வருடத்துக்கு ஒருமுறை மறுமுலாம் போடுவது இதனால்தான். மோதிரத்துக்கு மறுமுலாம் சுலபம். வாட்சுக்கு அப்படி இல்லை. மெஷினை வெளியே எடுத்து, கேஸை, அதாவது மெஷினை மூடியிருக்கும் உலோகக் கூட்டைத் தனியாகப் பிரித்து, பாலிஷ் போட்டு அப்புறம் முலாம் பூச வேண்டும். அது கம்பெனி சர்வீஸ் சென்டர் வேலை.

நல்ல ஸ்விஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் பல்லேடியம் கலந்த ஒயிட் கோல்டைப் பயன்படுத்துகின்றன. பல்லேடியம் 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும் இந்தக் கலவைக்கு இயல்பாகவே சாம்பல் கலந்த வெண்மை உண்டு. முலாம் இல்லாமலே நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான். வருடக்கணக்கில் கட்டினாலும் நிறம் மாறிவிட்டதே என்ற புலம்பல் கிடையாது. கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: கலவை நிக்கலா பல்லேடியமா? மேலே ரோடியம் முலாம் உண்டா? விற்பவர் தடுமாறினால் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இவ்வளவு விலைக்கு அது நியாயமான கோரிக்கைதான்.

வீட்டில் யாருக்காவது மலிவான கம்மல் போட்டால் காது புண்ணாகும் பழக்கம் இருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அவர்களுக்குப் பல்லேடியம் ஒயிட் கோல்டு, பிளாட்டினம், டைட்டேனியம் இவற்றில் ஒன்று பாதுகாப்பு. ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. நல்ல ஸ்டீல் அதை எளிதில் வெளியே விடாது என்பதால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வருவதில்லை.

மூன்றாம் படி: கையில் கட்டி எடை பாருங்கள்

படத்தைப் பார்த்து முடிவெடுக்கவே முடியாத விஷயம் இது. ஒரே அச்சில் நான்கு உலோகங்களில் கேஸ் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீலில் 30 கிராம் வந்தால் டைட்டேனியத்தில் சுமார் 17 கிராம்தான் வரும். பல்லேடியம் ஒயிட் கோல்டில் ஏறக்குறைய 58 கிராம், பிளாட்டினத்தில் 75 கிராம். அதாவது ஸ்டீலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம் ஒயிட் கோல்டு. செயினும் அதே உலோகம் என்றால் வித்தியாசம் இன்னும் பெருகும்.

கட்டிய முதல் நிமிடத்தில் இந்தக் கனம் எல்லாருக்கும் பிடிக்கும். பிடிக்க வைப்பதற்காகத்தான் கையில் கொடுக்கிறார்கள். அரை மணி நேரம் கழற்றாமல் கடையில் உட்காருங்கள். காபி வந்தால் குடியுங்கள், போன் பேசுங்கள், முழங்கையை மடக்கி நீட்டுங்கள். மணிக்கட்டு மெலிந்தவர்களுக்குக் கேஸ் கனத்துப் பெல்ட் லேசாக இருந்தால் வாட்ச் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். டூ வீலரில் தினமும் போகிறவர் கைப்பிடியைப் பிடித்த நிலையில் மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகு புறங்கையில் குத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அப்படியே வாட்சை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். கடையின் சின்னச் சின்ன விளக்குகளுக்குக் கீழே எல்லா வெள்ளை உலோகமும் ஒன்றுபோலத்தான் மின்னும். பகல் வெளிச்சத்தில் ஸ்டீல் கொஞ்சம் நீலம் கலந்து குளிர்ச்சியாகத் தெரியும், ஒயிட் கோல்டு இளஞ்சூடான சாம்பலாகத் தெரியும். இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்றால், நான் சொல்வேன், ஸ்டீலை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நான்காம் படி: போட்டியாளர்களை நேர்மையாக எடைபோடுங்கள்

ஸ்டீலை மலிவானது என்று ஒதுக்கிவிட முடியாது. 1972-இல் ஆடெமர்ஸ் பிகே நிறுவனம் தன் ராயல் ஓக் வாட்சை ஸ்டீலில் செய்து, அந்தக் காலத் தங்க வாட்சுகள் பலவற்றைவிட அதிக விலை வைத்தது. 1976-இல் படேக் ஃபிலிப் நிறுவனத்தின் நாட்டிலஸ் வாட்ச் அதே வழியில் வந்தது. இன்றும் சில ஸ்டீல் மாடல்களுக்குத்தான் நீண்ட வரிசை. வேடிக்கை என்னவென்றால், நாட்டிலஸின் பிரபலமான ஸ்டீல் மாடலை 2021-இல் நிறுத்திய படேக், 2022-இல் அதற்கு வாரிசாக இறக்கிய 5811 மாடலை ஒயிட் கோல்டில்தான் செய்தது. ஸ்டீல் முகம், தங்க விலை. ஸ்டீலில் இரண்டு வகை அதிகம் அடிபடும்: பெரும்பாலான நிறுவனங்களின் 316எல், ரோலெக்ஸின் 904எல். இரண்டாவதற்கு அரிப்பைத் தாங்கும் சக்தி கூடுதல். நம் வியர்வைக்கு 316எல்லே தாராளம்.

பிளாட்டினம்தான் ஒயிட் கோல்டின் நேரடிப் போட்டி. வாட்சில் பெரும்பாலும் 950 தூய்மை, அதாவது 95 சதவீதம் பிளாட்டினம். முலாம் தேவையில்லை, நிறம் மாறாது, ஒவ்வாமை அபூர்வம். 2015-க்குப் பிறகு பெரும்பாலான காலம் கிராம் விலையில் பிளாட்டினம் தங்கத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் பிளாட்டினம் வாட்சுக்கு ஒயிட் கோல்டைவிட அதிக விலை வைக்கிறார்கள். அடர்த்தி கூடியதால் உலோகம் அதிகம் பிடிக்கும். கடைந்தெடுப்பது சிரமம், வெட்டும் கருவிகள் சீக்கிரம் மழுங்கும். செய்யும் எண்ணிக்கையும் குறைவு. பிளாட்டினத்தில் கீறல் விழுந்தால் உலோகம் உதிராமல் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும், பளபளப்பு சீக்கிரம் மங்கும். அந்த மங்கலை ரசிக்கிறவர்களும் உண்டு. இங்கும் அடையாளம் வைத்திருக்கிறார்கள்: படேக் பிளாட்டினம் வாட்சுகளின் கேஸில் 6 மணிப் பக்கம் ஒரு பொடி வைரம் இருக்கும், ரோலெக்ஸ் தன் பனிநீல டயலைப் பிளாட்டினத்துக்கென்றே வைத்திருக்கிறது. எனக்கென்னவோ, முழுப் பிளாட்டினச் செயினோடு வரும் வாட்ச் மதுரை வெயிலில் கட்டுவதற்குப் பெரும் பாரம்.

டைட்டேனியத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பேச வேண்டும். ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல் எடை, ஒவ்வாமை இல்லை, வியர்வையும் உப்பும் ஒன்றும் செய்யாது. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் வெயிலில் நின்றாலும் தோலில் சுடுவதுபோல் தெரியாது. கிரேடு 5 என்ற வகை நன்றாகவே கடினமானது. ஒரே குறை, கனத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது பொம்மை மாதிரித் தோன்றும்.

ரோஸ் கோல்டில் செம்பு அதிகம் என்பதால் குளோரினும் உப்பும் நாளடைவில் நிறத்தை மாற்றலாம். ரோலெக்ஸின் எவரோஸ், ஒமேகாவின் செட்னா இவையெல்லாம் அந்த மங்கலைத் தடுக்கத் தனியாக உருவாக்கிய கலவைகள். நம் தோல் நிறத்துக்கு ரோஸ் கோல்டு மிக அழகாக அமையும் என்பது என் அபிப்பிராயம்.

செராமிக்கில் கீறல் எளிதில் விழாது, தரையில் மோசமாக விழுந்தால் உடையும். வெண்கலம் சில மாதத்தில் நிறம் மாறி, வியர்வையில் கையில் பச்சைக் கறை விடும். இரண்டையும் முதல் பெரிய வாட்சுக்கு நான் யோசிக்க மாட்டேன்.

நடுவழி ஒன்று உண்டு. கேஸும் செயினும் ஸ்டீல், பெசல் மட்டும் ஒயிட் கோல்டு. ரோலெக்ஸ் டேட்ஜஸ்டில் வரி வரியாகச் செதுக்கிய வெள்ளைப் பெசலைப் பார்த்திருப்பீர்கள், அது ஸ்டீல் இல்லை, ஒயிட் கோல்டு. அந்தப் பளபளப்பு பிடித்துப்போய், முழு ஒயிட் கோல்டு விலைக்கு மனம் வராதவர்களுக்கு இது போதும்.

ஐந்தாம் படி: நம் ஊர் வெயிலையும் பழக்கத்தையும் கணக்கில் சேருங்கள்

ஐரோப்பியர் எழுதும் வாட்ச் ஆலோசனைகளில் வியர்வை பற்றி ஒரு வரிதான் இருக்கும். சித்திரையில் மதுரைத் தெருவில் நடந்தவருக்கு அது போதாது. ஒயிட் கோல்டை வியர்வை அரிக்காது. ஆனால் வியர்வை, தூசி, எண்ணெய் மூன்றும் சேர்ந்து செயின் கண்ணிகளுக்குள் பசையாகி, மணல் துகளோடு சேர்ந்து உள்ளேயே உரசும். தங்கம் மென்மையானது; கண்ணி தேய்ந்து செயின் தொளதொளவென்று ஆவது ஸ்டீலைவிட இதில் சீக்கிரம். வாரம் ஒருமுறை, தண்ணீர் புகாத வாட்ச் என்றால் மட்டும், திருகு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பும் குழந்தை பிரஷ்ஷும் வைத்துச் செயினைக் கழுவுங்கள். பூந்திக்கொட்டை, விபூதி, பல்பொடி என்று நகைக்குச் செய்யும் வைத்தியம் எதுவும் வேண்டாம். விபூதியும் பல்பொடியும் மெருகை எடுத்துவிடும்.

கீறலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒயிட் கோல்டும் ஸ்டீலும் கடினத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கொண்டவை அல்ல. தெருத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் இரண்டையும்விடக் கடினம். ஆகவே எதை வாங்கினாலும் கீறல் விழும். வித்தியாசம் தங்கத்தில் அடிபட்டால் பள்ளமாக விழும் என்பதுதான். கேஸிலிருந்து நீண்டு பெல்ட்டைப் பிடித்திருக்கும் முனைகளான காதுகளின் ஓரம் நசுங்கும். கிரில் கேட்டைத் திறக்கும் கை, பைக் ஸ்டாண்டைத் தள்ளும் கை எதுவோ அதில் கட்டாதீர்கள்.

தோல் பெல்ட் நம் ஊரில் வெயில் காலத்தில் ஒரே பருவத்தில் நாறிவிடும். நிறைய ஒயிட் கோல்டு வாட்சுகள் முதலைத் தோல் பெல்ட்டோடுதான் வரும். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில் ரப்பர் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். தங்கக் கொக்கியும் தனியாக விலை போகும் பொருள், தொலைத்துவிடாதீர்கள்.

நீச்சல் குளத்துக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டி கழுவும் வேலைக்கும் கழற்றிவிடுங்கள். குளோரின் நிக்கல் கலந்த ஒயிட் கோல்டில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும்போது மஞ்சளும் சந்தனமும் கண்ணிக்குள் போனால் அன்றே கழுவ வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்கு நடுவே தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருக்கும் டிரெஸ் வாட்சோடு, அதாவது விசேஷங்களுக்குக் கட்டும் மெல்லிய வாட்சோடு போகாதீர்கள். அந்த 30 மீட்டர் சோதனைக்கூட அழுத்தத்தின் கணக்கு, கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான் சரி. அதுபோக அன்றைய கூட்டத்தில் எந்த வாட்சும் கட்டாமல் போவதே நல்லது.

ஆறாம் படி: பணக் கணக்கு

இதில்தான் நம் நகைப் புத்தி ஏமாறும். மேலே சொன்ன ஒயிட் கோல்டு கேஸை 60 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். 75 சதவீதம், ஆக 45 கிராம் சுத்தத் தங்கம். 22 காரட்டுக்கு மாற்றினால் 49 கிராம், ஆறு பவுனுக்குக் கொஞ்சம் மேல். அன்றைய பவுன் விலையால் பெருக்கி, வாட்சின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மிச்சமுள்ள தொகை மெஷின், வேலைப்பாடு, பெயர், வரி. நகைக் கடையில் சேதாரம் ஒரு சதவீதம் குறைக்கப் பேரம் பேசும் நாம் இங்கே உலோக மதிப்பைப்போல் பல மடங்கு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

வரியும் வேறு. தங்க நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். வாட்ச் தங்கத்தில் இருந்தாலும் 18 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி பிடிக்கிறார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ரசீதை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். 2 லட்சத்துக்கு மேல் பான் எண் கட்டாயம், ரொக்கமாகவும் வாங்க மாட்டார்கள். ரொக்கம் கொடுத்தால் வரி இல்லாமல் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். இந்தியாவும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளும் போட்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஸ்விஸ் வாட்சுகளின் சுங்க வரி படிப்படியாகக் குறையும். அவசரம் இல்லை என்றால் அதைக் கவனித்துக்கொண்டு இருக்கலாம்.

அடகு விஷயம்: வங்கி நகைக்கடனுக்கு நகை வேண்டும், வாட்ச் அதில் சேராது. பஜாரில் விற்கப் போனால் உருக்கும் மதிப்புக்குத்தான் கேட்பார்கள், அதிலும் கழிவு போகும். முழு வாட்சாக விற்றால்தான் பணம். அப்போது ஒயிட் கோல்டின் நிலை மாடலைப் பொறுத்தது. தேவை அதிகமுள்ள ஸ்போர்ட்ஸ் மாடல் என்றால் விலை நிற்கும். தோல் பெல்ட் போட்ட சாதாரண டிரெஸ் வாட்ச் என்றால், கடையை விட்டு வெளியே வந்ததுமே கணிசமாக இறங்கும். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல வழி தெரிகிறது. ஒயிட் கோல்டு டிரெஸ் வாட்சைப் பழசாக வாங்குவது லாபம். முதல் ஆள் இழந்த பணம் உங்களுக்குத் தள்ளுபடி.

ஏழாம் படி: முத்திரையைப் படியுங்கள்

நம் நகையில் இருக்கும் ஹெச்யுஐடியை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியை, வாட்சில் தேடாதீர்கள். 2021-இல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கிய ஆணையில் வாட்சுக்கு விலக்கு உண்டு. பார்க்க வேண்டியது ஸ்விஸ் முத்திரை. தங்கம், பிளாட்டினம் கேஸ்களுக்கு அங்கே அரசு முத்திரை கட்டாயம். 1995 முதல் அது செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. அதற்கு முந்தைய 18 காரட் கேஸ்களில் ஹெல்வீசியா என்ற பெண்ணின் தலை இருக்கும். கூடவே 750 என்ற எண், பிளாட்டினத்தில் 950. காதுகளின் பின்பக்கம், பின்மூடி, செயின் கொக்கியின் உள்பக்கம் ஆகிய இடங்களில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

மாடல் எண்ணும் உலோகத்தைச் சொல்லும். இன்றைய ரோலெக்ஸ் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் ஸ்டீல், 4 என்றால் ஸ்டீலும் ஒயிட் கோல்டும், 6 பிளாட்டினம், 8 மஞ்சள் தங்கம், 9 ஒயிட் கோல்டு. படேக்கில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து: ஜி ஒயிட் கோல்டு, ஜே மஞ்சள், ஆர் ரோஸ், பி பிளாட்டினம், ஏ ஸ்டீல். வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணும் கேஸில் இருக்கும் முத்திரையும் ஒத்துப்போக வேண்டும்.

பழைய வாட்ச் என்றால் இன்னொரு சோதனை. பஜாரில் டச் (தங்கத்தின் தூய்மை) பார்க்கும் கடைகளில் எக்ஸ்-ரே கதிரால் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கிறது. சேதம் இல்லாமல் கலவையைக் காட்டிவிடும். ஒன்றை மனதில் வையுங்கள்: அது மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. ரோடியம் முலாம் இருந்தால் ரீடிங்கில் ரோடியம் வந்து தங்கத்தின் சதவீதம் குறைத்துக் காட்டும். தடித்த தங்க முலாம் போட்ட போலியில் தங்கம் கூட்டிக் காட்டும். அதனால் தேய்மானம் உள்ள இடத்தில், காதுகளின் உள்பக்கத்தில், இரண்டு மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன் என்று ஆசாரி அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்று கைகூப்பிவிடுங்கள். ஒரு உரசல் போதும், விலை இறங்க.

காதுகளின் விளிம்பையும் பாருங்கள். புதிதில் கூர்மையான மடிப்பு இருந்த இடம் உருண்டு வழவழவென்று இருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாலிஷிலும் தங்கம் கொஞ்சம் போய்விடும். சின்னக் கீறல்களோடு விளிம்பு கூர்மையாக உள்ள வாட்சே மேல்.

எட்டாம் படி: முடிவெடுத்து, பத்திரப்படுத்துங்கள்

என்னைக் கேட்டால்: தினமும் கட்ட ஒரே ஒரு நல்ல வாட்ச் வேண்டும் என்பவர் ஸ்டீல் அல்லது டைட்டேனியம். மாப்பிள்ளைக்குப் போட, மணிவிழாவுக்குக் கொடுக்க மஞ்சள் அல்லது ரோஸ் கோல்டு. ஏற்கெனவே ஸ்டீலில் ஒன்று இருக்கிறது, இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எனக்கே எனக்கு என்பவருக்கு ஒயிட் கோல்டு, ரப்பர் பெல்ட்டில். பிளாட்டினம் அதற்கும் அப்புறம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை சில. சீரியல் எண், முத்திரை, ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வங்கி லாக்கரில் வைத்தால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். திருட்டு, தீ போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வாட்சின் விலை அதைத் தாண்டும் என்பதால் வீட்டுக் காப்பீட்டில் விலையுயர்ந்த பொருளாகத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், மதிப்பீட்டுச் சான்று கேட்பார்கள்.

வெளிநாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கினீர்களா என்ற கேள்விக்கு அதுதான் பதில். உண்மையிலேயே துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கினால் சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் வந்து ரசீதைக் காட்டி வரி கட்டிவிடுங்கள். ஒயிட் கோல்டைப் பார்த்து ஸ்டீல் என்று சுங்க அதிகாரி நினைத்துக்கொள்வார் என்று யாரோ சொன்ன யோசனையை நம்ப வேண்டாம். மேலே சொன்ன மாடல் எண் அவர்களுக்கும் படிக்கத் தெரியும்.